அபிமானியின் கணக்கேடு

அபிமானம் என்ற சொல்லை நம்மவர் இந்நாளில் மிக எளிதாக வழங்குகின்றனர். ஒரு நடிகரிடம் அபிமானம், ஒரு பாடகரிடம் அபிமானம், ஓர் அரசியல்வாதியிடம் அபிமானம் எனப் பலரும் சொல்லக் கேட்கிறோம். அபிமானம் கொண்டவர் செய்யவேண்டிய காரியம் யாது என்று அவர்களைக் கேட்டாலோ, கைதட்டுவது, படத்தைச் சுவரில் மாட்டுவது, "வாழ்க" என்று கூவுவது என்னும் மூன்றுக்குமேல் நான்காவதாக ஒன்றைச் சொல்ல அவர்களால் முடிவதில்லை. நான்காவது காரியம் ஒன்று உண்டென்பதும், மற்ற மூன்றையும்விட அதுவே அபிமானிக்கு அழகு தருவதென்பதும் என் எண்ணம். அதை எனக்குக் கற்பித்தவர் புலவருமல்லர், மேடைப் பேச்சாளருமல்லர். மம்பாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் அக்காளே ஆவாள்.

மம்பாவைப் பற்றி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போகும் பழைய சாலையில், ராசாவைத் தாண்டியபின் எதிர்ப்படும் சிற்றூர் அது. அவ்விரு பட்டணங்களையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில்பாதை 1891-ல் திறக்கப்பட்டது. பின்னர் கித்தாப் பயிர் பரவியபோது இவ்வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களோடு நம்மவருடைய லயங்களும் எழுந்தன. இன்று கித்தா மரம் அங்கே அருகிவிட்டது. சில இடங்களில் செம்பனை நிற்கிறது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. சிரம்பான் 2 என்னும் புதுநகரம் எட்டிப் பார்க்கும் தொலைவுக்கு வந்துவிட்டது. நான் சொல்லப்போகும் செய்தி, லயங்கள் இன்னும் காலியாகாத நாளில் தொடங்குவது.

என் அக்காள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தாயாருக்குத் துணையாகக் காட்டு வேலைக்குப் போய், 1980-ல் தனக்கென மரங்கள் பெற்றுத் தனியாளாகப் பெரட்டில் நின்றவள். குடும்பப் பொறுப்புகள் தீர்ந்தபின், 1994-ஆம் ஆண்டு தன் 30-ஆம் வயதில், மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அத்தானுக்கு முதல் மனைவியின் வழியில் 3 வயதுப் பெண் குழந்தையொன்று இருந்தது. அக்குழந்தை அக்காளைச் "சித்தி" என்று அழைக்கலாயிற்று.

சித்தி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தாயின் தங்கையும் சித்தி. தந்தை மறுமணம் புரிந்து கொணர்ந்தவளும் சித்தி. முதற்சித்தி தின்பண்டம் கொண்டுவருகிறவள். இரண்டாஞ்சித்தியோ நம் பாட்டிமார் கதைகளில் நஞ்சு கொண்டுவருகிறவள். பழங்கதையின் பழி முழுதும் எங்கள் அக்காளின் தலையில் வந்து விழுந்தது. குழந்தை மெலிந்தால், பட்டினி போடுகிறாள் என்றனர். சற்றே தேறினால், புருஷனை வசப்படுத்த வேஷம் போடுகிறாள் என்றனர். கால்வாயோரத்தில் ஓடி விழுந்து முழங்கால் சிராய்த்துக் கொண்டால், அடுத்த வீட்டார் குழந்தையைத் தனியே அழைத்து, "உள்ளதைச் சொல், சித்தி அடித்தாளா?" என்று விசாரித்தனர். குழந்தையும் நாளடைவில் தன் சித்தியை ஒருவித ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியது. அடிக்காத கையைக் கண்டு ஒரு பிள்ளை அஞ்சுவதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன தண்டனை வேண்டும்? அக்காள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. விடியுமுன் காட்டுக்குப் போனாள், பாலை நிறுத்துக் கொடுத்தாள், வந்து சோறாக்கினாள்.

இந்நிலையில்தான் 1999 டிசம்பரில் சென்னைச் சன் தொலைக்காட்சியில் "சித்தி" என்ற தொடர் நாடகம் தொடங்கியது. மலேசியாவில் 1996-ல் ஆரம்பமான அஸ்ட்ரோ என்னும் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் வழியே அது நம்மவர் வீடுகளுக்கும் வந்தது. எங்கள் லயத்தில் அந்நாளில் அதற்குரிய வட்டத்தட்டு ஒரே ஒரு வீட்டின் கூரையில்தான் இருந்தது. அவ்வீட்டாருக்கு மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுத்து, அண்டை அயலார் அங்கே கூடுவது வழக்கமாயிற்று. நாடகத்தில் சித்தியாக வந்தவர் ராதிகா அம்மையார். நடிகர் சிவகுமாரும் அதில் நடித்தார். மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்ற பழைய கணக்கைத் திருப்பிப் போட்டு, தான் பெறாத குழந்தையிடம் மெய்யன்பு கொண்டவளாக ஒருத்தியை அந்நாடகம் காட்டியது. 2001 நவம்பர் வரை அது ஓடியது.

அந்த ஏறக்குறைய 2 ஆண்டுகளில் எங்கள் லயத்தில் நிகழ்ந்ததை நான் கண்ணால் கண்டேன். திரையில் சித்திக்காகக் கண்ணீர் விட்ட அதே பெண்கள், பக்கத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்த மெய்யான சித்தியை எப்படி வைவது என்று தெரியாமல் தடுமாறினர். முதலில் வசை நின்றது. பின்னர் விசாரணை நின்றது. ஒரு நாள் மிகக் கடுமையாகப் பேசிவந்த மூதாட்டி ஒருத்தி, "நம்ம சித்தி வந்தாச்சு, நகர்ந்து இடம் கொடுங்கடி" என்றாள். நாடகத்தைப் பார்த்து நாடு கெட்டுவிடும் என்று சொல்பவர்கள், நாடகத்தைப் பார்த்து ஒரு லயம் திருந்தியதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

நன்றிப்பெருக்கால் அக்காள் அந்நடிகையின் படத்தை வாங்கிப் பூச்சூட்டி மாட்டியிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவள் செய்ததோ வேறு. பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். தோட்டத்துச் செக்ரோலில் கட்டம் போட்டிருப்பதுபோல் கட்டங்கள் போடச் சொன்னாள். ஆண்டு, நாடகத்தின் பெயர், வேடம், நடிப்பு, கதை என ஐந்து தலைப்புகள். தனக்கு எழுத்து ஓடாது ஆகையால், அப்போது பள்ளியில் படித்துவந்த அந்தப் பெண் குழந்தையை எழுதச் சொன்னாள். நடிப்புக்கும் கதைக்கும் தனித்தனியே மதிப்புப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த மதிப்பெண் தோட்டத்து மதிப்பெண்தான்: முழுநாள், அரைநாள், வரவில்லை. "சித்தி" நாடகத்துக்கு நேரே எழுதப்பட்டது இது: "நடிப்பு முழுநாள். கதை அரைநாள். அழுகை மிகுதி. கேட்கவேண்டிய இடத்தில் வாய் திறக்கவில்லை."

இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். தன் மானத்தைக் காத்த நாடகத்துக்கே அரைநாள் போடுகிறாளே என்று கேட்டேன். அக்காள் சொன்னாள்: "தம்பி, நமக்கு நல்லது செய்தது என்பதற்காகப் பால் நிறுக்கும் கிராணி கூடுதலாகவா எழுதுவார்? இருந்ததைத்தானே எழுதவேண்டும்." இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிய இலக்கிய விமர்சனக் கொள்கையைப் பெரும் பெரும் நூல்களிலும் நான் கண்டதில்லை.

அன்றுமுதல் அக்காள் ராதிகா அம்மையாரின் தொழிலைப் பின்தொடர்ந்தாள். முன்னே நடந்ததையும் தேடினாள். பின்னே வருவதையும் காத்திருந்தாள். பழைய படங்கள் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் ஏட்டில் ஏறின. பாரதிராஜா எடுத்த "கிழக்கே போகும் ரயில்" 1978-ல் வெளிவந்தது. அதுவே அம்மையாரின் முதற்படம். 1985-ல் வந்த "மீண்டும் ஒரு காதல் கதை"யில் அவர் நடித்ததோடு, அதைத் தயாரித்தவரும் அவரே. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்குரிய இந்திரா காந்தி விருது அதற்குக் கிடைத்தது. 1987-ல் "நீதிக்குத் தண்டனை". 1993-ல் மீண்டும் பாரதிராஜாவின் கையில் "கிழக்குச் சீமையிலே". இக்கடைசிப் படத்துக்கு அக்காள் நடிப்பில் முழுநாள் போட்டு, கதைக்கு நேரே, "அண்ணனுக்கும் புருஷனுக்கும் சண்டையென்றால் நடுவில் இவளை ஏன் அரைக்கவேண்டும்?" என்று எழுதச் செய்தாள். தம்பியாகிய நான் பக்கத்தில் இருந்தேன் என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

பின்னர் நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2002-ல் "அண்ணாமலை", 2005-ல் "செல்வி", 2007-ல் "அரசி", 2009-ல் "செல்லமே", 2013 முதல் 2018 வரை "வாணி ராணி". இவற்றையெல்லாம் எடுத்தது ராதிகா அம்மையாரே நிறுவிய ராடான் என்னும் நிறுவனம். இச்செய்தியை நான் அக்காளிடம் சொன்ன அன்றே ஏட்டில் ஆறாவது கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் தலைப்பு "முதலாளி" என்பது. ஏன் என்று கேட்டேன். "இதுவரைக்கும் கதை மோசமென்றால், எழுதினவன் மோசம், அந்தம்மா என்ன செய்வார் என்று விட்டுவிட்டேன். கூலியாளாக இருந்தால் கங்காணியைத்தான் கேட்கவேண்டும். இப்போது முதலாளியே அவர்தானே? இனிமேல் அவரைத்தான் கேட்கவேண்டும்" என்றாள். வாழ்நாள் முழுதும் பிறர் மரத்தில் பால் எடுத்தவளுக்கு, பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"அரசி"யில் அம்மையார் காவல்துறை அதிகாரியாக வந்தபோது அக்காளுக்குக் கொண்டாட்டம். "வாணி ராணி"யில் இரட்டைச் சகோதரிகளாக இரு வேடம். ஒருத்தி வழக்கறிஞர், மற்றொருத்தி இல்லத்தரசி. அதைக் குறித்து ஏட்டில் இருப்பது: "ஒரே முகம். சட்டம் படித்தவள் கேட்கிறாள். வீட்டில் இருப்பவள் பொறுக்கிறாள். படிப்பு ஒன்றுதான் வித்தியாசம். கதை முக்கால் நாள்." முக்கால் நாள் என்பது செக்ரோலில் இல்லாத கணக்கு. இந்நாடகத்துக்காக அவள் புதிதாகப் படைத்தது அது.

ஏடு எழுதிய கையைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவுதோறும் சித்தி சொல்லச் சொல்லக் குழந்தை எழுதியது. எழுத்துப் பிழையைத் திருத்த அக்காளுக்குத் தெரியாது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வாள். தான் சொன்னதும் அதில் உள்ளதும் ஒன்றாக இல்லாவிட்டால் அடித்து எழுதச் சொல்வாள். நாடகத்துச் சித்தி செய்தது சரியா தவறா என்று இருவரும் வாதாடுவார்கள். வீட்டுச் சித்தியிடம் நேரே கேட்க முடியாத கேள்விகளை நாடகத்துச் சித்தியின் பேரால் குழந்தை கேட்டது. நேரே சொல்ல முடியாத விடைகளை அக்காளும் அவ்வாறே சொன்னாள். "அந்தக் குழந்தை அந்தச் சித்தியை முதலில் ஏன் நம்பவில்லை?" என்று ஓரிரவு அவள் கேட்டதும், "நம்புவதற்கு நாளாகும், அவசரமில்லை" என்று அக்காள் சொன்னதும் என் செவியில் விழுந்தன. அச்சம் தீர்ந்தது அந்த நோட்டுப் புத்தகத்தின்மேல்தான். அப்பெண் இன்று தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. இன்றும் அக்காளை "அம்மா" என்று அழைப்பதில்லை. சித்தி என்றே அழைக்கிறாள். அச்சொல்லுக்கு எங்கள் வீட்டில் இனி வேறு பெயர் தேவையில்லை.

இனி, ஊரில் வழங்கும் மற்றோர் அபிமானத்தைப் பார்ப்போம். புதுப்படம் வெளியாகும் நாளில் நடிகரின் ஆளுயரப் பதுமைக்கு மாலை சூட்டிப் பாலாபிஷேகம் செய்வது தமிழ்நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. நம் நாட்டிலும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டவர் உண்டு. 2016 ஜூலை 22-ல் "கபாலி" வெளிவந்தது. பா.இரஞ்சித் இயக்கிய அப்படத்தின் பெரும்பகுதி மலேசியாவிலேயே எடுக்கப்பட்டது; தோட்டத்துத் தமிழரின் வாழ்வும் அதில் பேசப்பட்டது. நம் கதை பெரிய திரையில் வருகிறதென்று மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் அந்நாட்களில் அபிஷேகப் பேச்சு காதில் விழுந்தபோது அக்காள் சொன்னதை நான் மறக்கவில்லை: "பாலை மண்ணில் கொட்டினால் தோட்டத்தில் அன்றைய சம்பளத்தையே வெட்டுவார்கள். இவர்களுக்குச் சம்பளம் வெட்ட ஆளில்லை."

அக்காளின் இந்தப் பார்வைக்கும், அவளுடைய அபிமான நடிகையின் தந்தையாருக்கும் ஓர் உறவு உண்டு. ராதிகா அம்மையாரின் தந்தை நடிகவேள் எம்.ஆர்.ராதா (1907–1979). சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மேடையைச் சீர்திருத்தத்தின் போர்க்களமாக்கியவர். அவருடைய "ரத்தக் கண்ணீர்" நாடகம் 1954-ல் படமாயிற்று. அதே ஆண்டு சென்னை அரசாங்கம் கொண்டுவந்த நாடகச் சட்டம் அவரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது என்பர். அன்றைய பத்திரிகைச் செய்தியை மேடையிலேயே எடுத்துப் பேசி, எதிரே அமர்ந்திருப்பவர்களை நேரே கேள்வி கேட்பது அவருக்கு வழக்கம். நடிகனை நடிகனாகப் பார்க்கவேண்டும், தலைவனாகவும் தெய்வமாகவும் தொழலாகாது என்பதை நடிகராக இருந்துகொண்டே அவர் இடித்துரைத்தார். நம் மலேசிய மண்ணுக்கு வந்து அவர் பேசிய பேச்சொன்று ஒலிநாடாவில் ஏறி, வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டது. என் அக்காள் அப்பேச்சைக் கேட்டவளல்லள். தந்தையின் வாக்கை அறியாமலே, மகளின் நாடகத்தைப் பார்க்கும் முறையில் அதை நிறைவேற்றினாள்.

ஒருமுறை சென்னை நட்சத்திரங்கள் பலர் கோலாலம்பூருக்கு வந்து கலைவிழா நடத்துவதாகப் பேச்சு எழுந்தது. எங்கள் உறவினர் சிலர் பேருந்து பேசி, அக்காளையும் அழைத்தனர். நுழைவுச் சீட்டின் விலை, அவளுக்கு அப்போது ஒரு வாரக் கூலிக்குமேல் இருந்தது. "இத்தனை ஆண்டு பார்த்தவள், ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார்கள். "அவர் சமைத்ததைத்தான் நான் பார்க்கவேண்டும், அது வீட்டுக்கே வருகிறது. தூரத்தில் மேடையில் கையசைப்பதைப் பார்க்க அவ்வளவு காசா?" என்று அக்காள் மறுத்துவிட்டாள். அந்தப் பணம் பெண்ணின் பரீட்சைக்குரிய புத்தகங்களாயிற்று. போனவர்களை அவள் ஏசவுமில்லை. திரும்பிவந்தவர்களிடம் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஆவலோடு விசாரித்து, கேட்டதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

2006-ல் அத்தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாயின. அக்காள் குடும்பம் சிரம்பான் பக்கம் மலிவுவிலை அடுக்குமாடி வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் பல வழியில் தொலைந்தன, ஏடு தொலையவில்லை. புதிய இடத்தில் அவளுக்கு வேறு வகையான கேலி காத்திருந்தது. தொடர் நாடகம் பார்க்கும் பெண்களுக்கு மூளை மழுங்கிவிடும் என்று கீழ்த்தளத்துக் காப்பிக்கடையில் ஆடவர் சிலர் பேசிச் சிரிப்பார்கள். அவர்களே நள்ளிரவில் விழித்திருந்து இங்கிலாந்துக் கால்பந்தாட்டம் பார்ப்பவர்கள். தங்கள் குழுவின் ஆட்டக்காரர் அத்தனைபேரின் பெயரையும், எந்த ஆண்டு எத்தனை கோல் என்பதையும் ஒப்பிப்பவர்கள். அது ஞானமென்றால் இதுவும் ஞானமே. இது பேதைமையென்றால் அதுவும் பேதைமையே. ஆடவர் செய்தால் பொழுதுபோக்கு, பெண்டிர் செய்தால் மூளைக்கேடு என்ற தராசு எந்தக் கடையில் விற்கிறதோ தெரியவில்லை.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் "கோடீஸ்வரி" என்னும் பெண்களுக்கான வினாவிடைப் போட்டியை ராதிகா அம்மையார் நடத்தத் தொடங்கினார். செவிப்புலனும் பேச்சும் குன்றிய கௌசல்யா கார்த்திகா என்னும் மதுரைப் பெண்மணி 2020 ஜனவரியில் அப்போட்டியில் 1 கோடி ரூபாய் வென்றார். மகள் அதைக் கைப்பேசியில் காட்டினாள். அக்காள் இருமுறை பார்த்தாள். பின்பு ஏட்டில் எழுதச் சொன்னது: "வேடம் இல்லை. இன்று முழுநாள் அந்தம்மாவுக்கு இல்லை, ஜெயித்த பெண்ணுக்கு." அபிமானத்தின் கண் தன் அபிமானத்துக்குரியவரைத் தாண்டி அப்பால் நிற்பவரையும் பார்க்கிறது என்றால், அக்கண்ணில் படலம் விழவில்லை என்று கொள்ளலாம். அதே மாதம் "சித்தி 2" தொடங்கியது. 2021-ல் அம்மையார் அதிலிருந்து விலகினார். "சித்தி இல்லாத சித்தி: வரவில்லை" என்று ஒரே வரியில் அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது.

பின்னர் 2024 வந்தது. அவ்வாண்டு இந்திய நாடாளுமன்றத் தேர்தலில் ராதிகா அம்மையார் விருதுநகர்த் தொகுதியில் பாரதீய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்றார். ஜூன் 4-ல் வெளியான முடிவில் காங்கிரஸ் கட்சியின் மாணிக்கம் தாகூர் வென்றார். மறைந்த நடிகர் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் 4,379 வாக்குகளில் வெற்றியை இழந்து இரண்டாமிடம் பெற்றார். அம்மையாருக்குக் கிடைத்தது மூன்றாமிடம். கட்சிகளின் நிறைகுறை இங்கே நம் பேச்சன்று. எங்கள் கேள்வி அபிமானியைப் பற்றியது. "உன் சித்தி தோற்றுப்போனாளே, அழவில்லையா?" என்று அடுக்குமாடி அண்டைவீட்டார் கேட்டபோது அக்காள் சொன்ன மறுமொழியை அப்படியே தருகிறேன்: "நடிப்புக்குத்தான் நான் மதிப்புப் போட்டேன். ஊர் வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை. அது அந்த ஊர்க்காரர் பார்க்கவேண்டிய கணக்கு, அவர்கள் பார்த்துவிட்டார்கள்." ஏட்டில், "2024. தேர்தல். இது இந்த ஏட்டில் சேராது" என்று மட்டும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் கதையும் ஆந்திரத்தின் கதையும் நேயர்கள் அறிந்தவையே. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1983-ல் என்.டி.இராமராவ் ஆந்திரத்தில் முதலமைச்சரானார். நடிப்பில் நிகரற்றவர் என்று போற்றப்பட்ட சிவாஜி கணேசனோ 1989-ல் திருவையாற்றில் தோற்றார். வென்றவரை நடிப்பால் மட்டும் வென்றார் என்பதும், தோற்றவரை நன்றிகெட்ட மக்கள் கைவிட்டனர் என்பதும் ஒன்றுபோலவே பிழை. திரைக்கு ஓர் ஏடு, ஆட்சிக்கு ஓர் ஏடு என்று இரண்டு வைத்துக்கொண்டால் இக்குழப்பம் நேராது. ஒரே ஏட்டில் இரண்டையும் எழுதுகிறவர்கள்தான், நடிகர் அரசியலில் வழுக்கினால் அவருடைய நல்ல நடிப்பையும் தூற்றுகிறார்கள். நடிப்பு நன்றாயிருந்தால் அரசியலில் எதையும் பொறுக்கிறார்கள்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. உங்களுக்குப் பிடித்த நடிகர் இருக்கட்டும். அவருடைய படம் வரட்டும், நாடகம் வரட்டும், அவர் மேடையேறட்டும், தேர்தலில் நிற்கட்டும். அன்போடு பின்தொடருங்கள், பின்தொடரும்போது கணக்கு எழுதுங்கள். நல்லதை நல்லதென்று எழுதுங்கள். குறையைக் குறையென்று எழுதுங்கள். அவர் கூலியாளாயிருந்தபோது செய்ததையும் முதலாளியானபின் செய்ததையும் வேறு வேறாக எழுதுங்கள். அவருக்காக நீங்கள் செலவிட்ட காசையும் இரவையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டுமுடிவில் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பின்னும் அன்பு மிஞ்சுமானால் அதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கலைஞருக்கு யாரும் செய்துவிட முடியாது. மாலை வாடும், பால் புளிக்கும், பதுமையை மறுவாரம் வேறொரு பதுமைக்காக இறக்கிவிடுவார்கள். தன்னை ஒருத்தி இருபத்தைந்து ஆண்டு கவனித்துப் பார்த்து, அரைநாள் போடவேண்டிய இடத்தில் அரைநாளும் முழுநாள் போடவேண்டிய இடத்தில் முழுநாளும் போட்டிருக்கிறாள் என்று அறிந்தால், எந்த நடிகையும் அதைத் தன் விருதுகளுக்கு நடுவே வைத்துக்கொள்வாள் என்பது என் நம்பிக்கை.